மனநல வார்டு டிஸ்சார்ஜும் பாதுகாப்புத் திட்டமும்: பேப்பர் நன்றாக இருந்தது, போன்தான் வரவில்லை

தற்கொலை எண்ணத்தால் மனநல வார்டில் சேர்ந்திருந்த என் தம்பியை டிஸ்சார்ஜ் செய்யும்போது மருத்துவமனை போட்டுக்கொடுத்த பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றி (அந்த எண்ணம் திரும்ப வந்தால் என்னென்ன செய்வது என்று ஒரு படிவத்தில் எழுதி வைப்பது) மட்டும் எழுதுகிறேன். சிகிச்சை, வசதி, செலவு இதெல்லாம் வேறு கதை. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், மருத்துவமனையின் பெயர் வேண்டாம் என்று இரண்டு பேருமே முடிவு செய்தோம். ஐந்துக்கு மூன்று தருவேன். திட்டத்தை எழுதிய விதத்துக்கு முழுசாகவே தரலாம், குறைத்தது அதற்கப்புறம் நடக்காமல் போனவற்றுக்கு.

அந்தப் படிவம் அவர்களே உருவாக்கியது இல்லை. பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வகுத்த ஆறு படிகள் அதில் இருக்கின்றன. நெருக்கடி வரப்போகிறது என்று காட்டும் அறிகுறிகள், தனியாகவே செய்துகொள்ளக்கூடியவை, மனதைத் திசைதிருப்பும் ஆட்களும் இடங்களும், வாய்விட்டு உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவர் மற்றும் அவசர எண்கள், கடைசியாக, தான் இருக்கும் இடத்தைப் பாதுகாப்பாக்குவது. ஒரு படி கைகொடுக்காவிட்டால் அடுத்ததற்குப் போக வேண்டும். நிலைமை கைமீறுகிறது என்றால் வரிசையெல்லாம் பார்க்கக் கூடாது, நேராக அவசர உதவிதான். (இதைப் படிக்கிற உங்களுக்கே இப்போது அப்படி இருந்தால் மீதியை அப்புறம் படிக்கலாம், பக்கத்தில் இருக்கும் யாரிடமாவது உடனே சொல்லுங்கள், இல்லை அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.)

எங்களுக்கு வாய்த்த நர்ஸ் அருமையானவர். படிவத்தைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லிவிட்டுப் போகவில்லை, அவசரமே காட்டாமல் உட்கார்ந்து, முதலில் இந்தத் தடவை நெருக்கடி எப்படி ஆரம்பித்தது, எந்த இடத்தில் மோசமானது, எப்போது கொஞ்சம் தணிந்தது என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்து, அவன் சொன்ன வார்த்தைகளையே எழுதினார். அதனால்தான் அறிகுறிகள் என்ற இடத்தில் 'மனச்சோர்வு' என்று மொட்டையாக இல்லை. 'யார் கூப்பிட்டாலும் போனைக் கவிழ்த்து வைப்பது', 'விடிய விடியப் பழைய மெசேஜ்களைப் படிப்பது' என்று இருக்கிறது. இதை வைத்து எங்களாலும் கண்டுபிடிக்க முடியும், அவனாலும் முடியும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இரண்டாவது படியில் அவர் கேட்ட கேள்வி. புத்தகம் படிப்பேன் என்று தம்பி சொன்னான். "அந்த நேரத்துல உங்களால நிஜமாவே படிக்க முடியுமா?" என்றார். முடியாது என்றான். அதை அடித்துவிட்டுக் குளிப்பது, ஹெட்போன் மாட்டிக்கொண்டு மொட்டைமாடியில் நடப்பது என்று மாற்றினார்கள். ஒவ்வொரு படிக்கும் இதே கேள்விதான், செய்ய முடியுமா, எது தடுக்கும் என்று.

மூன்றாவதும் நான்காவதும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்று இல்லை. மூன்றாவதில் இருப்பவர்களிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை, சும்மா கூட இருந்தால் போதும். நான்காவதில் இருப்பவர்களிடம்தான் நடப்பதைச் சொல்வது. என் பெயர் மூன்றாவதில் வந்தது, நான்காவதில் அவன் நண்பன். வீட்டு ஆட்கள் இதைப் பார்த்து மனம் கோணக் கூடாது. யாரிடம் சொல்ல முடியும் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

இனி குறைகள். ஆறாவது படியை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள், அதுவும் கிளம்புகிற நேரத்தில். உண்மையில் வீட்டு ஆட்களையும் கூப்பிட்டு வைத்து நிதானமாகப் பேச வேண்டியது இதுதான், ஏனென்றால் தற்கொலை உந்துதல் பெரும்பாலும் ஏறி இறங்குகிற ஒன்று, உச்சத்தில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்புகிறது. ஒரு பக்கம் வீட்டைப் பாதுகாப்பாக்குங்கள் என்று எழுதிவிட்டு இன்னொரு பக்கம் மாதக்கணக்குக்கு மாத்திரைச் சீட்டு எழுதிக் கொடுத்தால் என்ன அர்த்தம்? நாங்களாகக் கேட்ட பிறகுதான் குறைந்த நாட்களுக்கு மாற்றி எழுதினார்கள், பூட்டி வைத்து யார் எடுத்துக் கொடுப்பது என்பதையும் வீட்டில் நாங்களே பேசி முடிவு செய்தோம். ஐந்தாவது படியில் எழுதியிருந்த எண் வார்டின் அலுவலக நேர எண் என்பதும் வீட்டுக்கு வந்து கூப்பிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரவில் யாரும் எடுப்பதில்லை. 24 மணி நேர உதவி எண்ணை நாங்கள் சேர்த்தோம்.

பெரிய குறை, டிஸ்சார்ஜுக்குப் பிறகு ஒரு போன்கூட வரவில்லை. மனநல வார்டிலிருந்து வெளியே வந்த முதல் சில நாட்களும் வாரங்களும்தான் மிக ஆபத்தானவை என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். ஸ்டான்லியும் பிரவுனும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பற்றியது. திட்டம் போட்டுக்கொண்டவர்களிடம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட, அடுத்த 6 மாதங்களில் தற்கொலை தொடர்பான நடத்தை சுமார் 45 சதவீதம் குறைவாக இருந்தது என்று அதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் அங்கே பேப்பரை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை, 72 மணி நேரத்துக்குள் போன் செய்யத் தொடங்கி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, திட்டத்தையும் சேர்ந்தே திருத்தினார்கள். பாதியைச் செய்துவிட்டு முழுப் பலனை எதிர்பார்க்க முடியாது.

திட்டம் உதவியதா என்றால், உதவியது. ஒரு மோசமான ராத்திரி அவனே அதை எடுத்துப் பார்த்தான் (போனில் படம் பிடித்து வைத்திருந்தோம், பேப்பர் எங்கேயாவது போய்விடும்). இரண்டாவது படி போதவில்லை, மூன்றாவதுக்கு வந்து என்னை எழுப்பினான், பேசாமல் உட்கார்ந்திருந்தோம், அப்புறம் நண்பனைக் கூப்பிட்டான். அடுத்த முறை மருத்துவரைப் பார்த்தபோது அவரிடம் இதைக் காட்டி, வேலைக்கு ஆகாத இரண்டு வரிகளை எடுத்துவிட்டு எழுதிக்கொண்டோம். டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்கு மூன்று நாளுக்குள் போன் செய்ய ஒரு ஆளைப் போடுங்கள் என்று மருத்துவமனைக்கு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.