டூரிங் பைக் எண்டு சொல்லி விக்கிறாங்கள், சீற்றைக் கழட்டிப் பாக்காம காசு குடுக்காதேங்கோ

கொழும்பில செக்கன்ட் ஹேண்ட் பைக் தேடுற ஆக்கள், அதிலயும் ரெண்டு பேர் சாமானோட தூரம் போறதுக்கு எண்டு பாக்கிற ஆக்கள், இத முழுசா வாசிச்சுப்போட்டு காச வெளியில எடுங்கோ. வித்த சேலின்ர (பழைய வாகனம் விக்கிற இடம்) பேர் இப்ப போடேல்ல, முறைப்பாடு குடுத்திருக்கு, அது ஒரு முடிவுக்கு வரட்டும். பைக்கின்ர மொடலும் சொல்லேல்ல, ஏனெண்டா பிழை பைக்கச் செஞ்ச கம்பனியில இல்ல, வித்தவன் செஞ்ச வேலையிலதான்.

நாங்கள் வெள்ளவத்தை, மனிசியின்ர ஆக்கள் யாழ்ப்பாணம். இரவு பஸ்ஸில போய் வந்து அலுத்துப் போச்சு, பைக்கில ஆறுதலா நிண்டு நிண்டு போவம் எண்டு ரெண்டு பேருக்கும் விருப்பம். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், பைக்க ஹைவேயில ஏத்த விடமாட்டாங்கள், அதால வத்தளை, ஜா-எல நெரிசலுக்குள்ளால போய் நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், பேந்து அனுராதபுரம் பக்கம் திரும்பி ஏ9 ரோட்டப் பிடிக்கோணும். திரும்பி வரேக்க மாமி கட்டித் தாற மிளகாய்த்தூள், புழுக்கொடியல், நல்லெண்ணெய்ப் போத்தில் எண்டு அது வேற ஒரு மூட்டை. இவ்வளத்தையும் சேல்காரரிட்ட விபரமா சொன்னனான். அவர் உடன ஒரு குரூஸரக் (கால முன்னுக்கு நீட்டி, பதிஞ்சு இருந்து ஓடுற பைக்) காட்டி "அண்ண, உங்களுக்கெண்டே செஞ்சு வச்ச மாதிரி, ஃபுல் டூரிங் செற்றப்" எண்டார். பாக்க வடிவாத்தான் இருந்தது, ரெண்டு பக்கமும் பெட்டி, பின்னால பெரிய டொப் பொக்ஸ், முன்னுக்கு உயரமான கண்ணாடி, மெத்தை மாதிரி சீற், மனிசி ஏறி இருந்து பாத்திட்டு "சோபா மாதிரி இருக்கு" எண்டு சொன்னா. எக்சிடன்ட் பட்டதோ எண்டு கேட்டனான், இல்லவே இல்ல எண்டார். ரெண்டு பேரா ஓடிப் பாப்பம் எண்டதுக்கு மட்டும் இன்சூரன்ஸ் பிரச்சின, தனிய ஒழுங்கையில ஒரு ரவுண்ட் போங்கோ எண்டு மறிச்சுப் போட்டார். அது ஏனெண்டு பேந்துதான் விளங்கிச்சு.

அத வாங்கி ரெண்டு பேருமா யாழ்ப்பாணம் வெளிக்கிட்டம். புத்தளம் தாண்டினாப் பிறகு அறுபது எழுபதில ஹேண்டில் தன்பாட்டில ஆடத் தொடங்கிட்டுது, மெல்லமாப் போனா நிக்குது, கொஞ்சம் இழுத்தா திரும்ப ஆடுது, ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால டங் எண்டு அடி, மனிசிக்கு நாரி விட்டுப் போச்சு, பிடிக்கிறதுக்கும் ஒண்டும் இல்ல, ஏனெண்டா கெரியர் பூட்டுறதுக்காக பின்னுக்கு இருக்கிறவை பிடிக்கிற கம்பியக் கழட்டி எறிஞ்சிருக்கிறாங்கள். நொச்சியாகமவில ஒரு கராஜில நிப்பாட்டினம். அங்க இருந்த பாஸ் (மெக்கானிக்) ஒண்டும் கேக்கேல்ல, டொப் பொக்ஸக் கையால ஒருக்கா ஆட்டிப் பாத்தார், உடன சீற்றக் கழட்டினார். சீற்றுக்குக் கீழ பின்பக்க பிரேம் முந்தி முறிஞ்சு, உள்ளுக்கு ஒரு கம்பித் துண்ட வச்சு வெல்டிங் அடிச்சு, மேல கறுப்பு ஸ்பிரே பெயின்ற் பூசி இருந்தது. வெல்டிங்குக்குப் பக்கத்தில புதுசா ஒரு வெடிப்பு. அதுக்கு மேலதான் என்ர மனிசி இருந்து வந்தவ, அத நினைச்சா இப்பயும் எனக்கு கை நடுங்குது.

பள்ளத்தில அடியத் தாங்கிற பின் ஷொக் ரெண்டும் அந்த பைக்கின்ரதே இல்ல, ஏதோ சின்ன பைக்கின்ரத கொண்டு வந்து பூட்டி இருக்கிறாங்கள். சோபா மாதிரி இருந்த சீற்றுக்குள்ள இருந்தது வெறும் மெதுவான ஸ்பொஞ்ச். சேலில ரெண்டு நிமிசம் இருக்க சுகமாத்தான் இருக்கும், ரெண்டு மணித்தியாலம் போனா அமந்து அடித் தகட்டில போய் முட்டும். தூரப் பயணத்துக்கு கொஞ்சம் இறுக்கமான சீற்தான் உடம்பத் தாங்கும். குரூஸரில கால் முன்னுக்கு நீட்டி இருக்கிறதால பள்ளத்தில கால ஊண்டி எழும்ப ஏலாது, அடி முழுக்க நாரிக்குத்தான் போகும், அப்ப சீற்றும் ஷொக்கும் சரியில்லாட்டி பேந்து என்ன சொகுசு.

பாரக் கணக்கையும் ஒருத்தரும் சொல்லித் தரமாட்டினம். ஒவ்வொரு பைக்குக்கும் ஆக்களோட சாமானோட சேத்து மொத்தம் எவ்வளவு தாங்கும் எண்டு ஒரு எடை கம்பனிப் புத்தகத்தில இருக்கும், அதில இருந்து பைக்கின்ர எடையக் கழிச்சா மிச்சம்தான் நாங்கள் ஏத்தக்கூடியது. 150 சிசி பக்கத்து பைக்குகளில கனக்க 130, 150 கிலோ அளவிலதான் அது வரும். 70 கிலோவில ஒராள், 60 கிலோவில ஒராள் ஏறினாலே 130 முடிஞ்சுது, இன்னும் ஹெல்மெற்றும் வரேல்ல, இரும்புக் கெரியரும் பெட்டியளும் வெறுமனவே பத்து கிலோவத் தாண்டும், அப்ப மிளகாய்த்தூள எங்க வைக்கிறது? டொப் பொக்ஸ் இருக்கிறது பின்சில்லின்ர அச்சுக்கும் பின்னால, அதுக்குள்ள பாரத்த அடைஞ்சா முன்சில்லு லேசாகும், ஹேண்டில் ஆடுறதுக்கு அதுவும் ஒரு காரணம். அதாலதான் எத்தினையோ பொக்ஸில 5 கிலோ, 10 கிலோவுக்கு மேல வைக்காத எண்டு எழுதியே இருக்கு. பாரமான சாமான் கீழ, பக்கப் பெட்டியளுக்குள்ள, ஏலுமான அளவு முன்னுக்கு இருக்கோணும், டொப் பொக்ஸ் மழைக்கோட்டுக்கும் உடுப்புக்கும்தான்.

அண்டைக்கு அனுராதபுரத்தில மனிசிய பஸ் ஏத்தி விட்டிட்டு, ஒரு பட்டா (சின்ன லொறி) பிடிச்சு பைக்க ஏத்திக்கொண்டு கொழும்புக்குத் திரும்பினன். சேல்காரர் சொன்ன கதையக் கேளுங்கோ. முதல் "நீங்கள் ஓவர்லோட் பண்ணி உடைச்சுப் போட்டு வாறியள்" எண்டார். ரெண்டு பேருக்கும் பெட்டியளுக்கும் எண்டு சொல்லி வித்ததே அவர்தான். வெல்டிங் படத்தக் காட்டினதும் கதைய மாத்தி "நான் புரோக்கர் மட்டும்தான், ஓனரப் போய்ப் பிடியுங்கோ" எண்டார். பைக் ஓப்பன் பேப்பரில வந்தது, அதாவது பழைய ஓனர் கையெழுத்து மட்டும் வச்சு, வாங்கிறவரின்ர பேர் போடாத போமோட, பதிவுப் புத்தகத்தில இருக்கிறது நான் முகமே பாக்காத ஒராளின்ர பேர். காசெண்ணி வாங்கினவர் இவர், றிசீற்றில கையெழுத்து வச்சவரும் இவர்தான், பேந்து நான் ஏன் ஓனரத் தேடிப் போகோணும்?

அந்த றிசீற் கையில இருக்கிறதாலதான் நுகர்வோர் அதிகார சபைக்குப் போக முடிஞ்சது. விக்கேக்க குடுத்த உத்தரவாதத்துக்கு மாறான சாமான் எண்டு முறைப்பாடு குடுக்கலாம், ஆனா எழுத்தில, வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள குடுக்கோணும், அவையின்ர நம்பர் 1977. வட்ஸ்அப்பில அவர் "டூரிங் செற்றப், ரெண்டு பேருக்கு பயமில்ல" எண்டு அனுப்பின மெசேஜ்கள அச்செடுத்து சேத்துக் குடுத்திருக்கிறன். நீங்களும் வாயால கதைக்கிறத மெசேஜிலயும் ஒருக்கா கேட்டு வையுங்கோ.

இனி எடுக்கப் போற ஆக்கள், பின்னுக்கு இருக்கப் போறவையும் கொண்டு போங்கோ, ரெண்டு பேரா, பெட்டிக்குள்ள கொண்டு போற அளவு பாரத்த வச்சு ஓடிப் பாருங்கோ, பின்னுக்கு இருக்கிறவையின்ர முழங்கால் எவ்வளவு மடியுது, குதிக்கால் பெட்டியில முட்டுதோ எண்டு கேளுங்கோ. சீற்றக் கழட்டச் சொல்லி ரோச் அடிச்சு பிரேமப் பாருங்கோ, மிச்ச இடமெல்லாம் பழசா இருக்க ஒரு இடம் மட்டும் புதுப் பெயின்ற் எண்டா அதுக்குக் கீழ கட்டாயம் ஒரு கதை இருக்கும். ரயருக்கு பொலிஷ் அடிச்சு மினுக்கி இருப்பாங்கள், பக்கத்தில இருக்கிற நாலு இலக்கத்தப் பாருங்கோ, 2318 எண்டா 2018இல 23ஆவது கிழமை செஞ்சது. ஆள் ஏத்தினா பின் ரயருக்கு காத்தும் கூட வேணும், பல்சர் மாதிரி பைக்குக்கே தனிய 28 பிஎஸ்ஐ, ரெண்டு பேருக்கு 32. பதிவுப் புத்தகத்தில அப்சலூட் ஓனர், அதாவது முழு உரிமையாளர் எண்டு லீசிங் கம்பனி ஏதும் இருக்கோ எண்டும் பாருங்கோ, செசி நம்பரப் புத்தகத்தோட ஒத்துப் பாருங்கோ. இதில ஒண்டுக்காவது சேல்காரர் மறிச்சா அந்த இடத்திலயே திரும்பி வாங்கோ.

ஏற்கனவே கெரியர், பெட்டி எல்லாம் பூட்டின பைக் வாங்கி, நல்லூர்த் திருவிழாவுக்கு குடும்பமாப் போக இருக்கிற ஆக்கள் இருந்தா, தயவு செஞ்சு போறதுக்கு முதல் ஒரு கராஜில சீற்றக் கழட்டிக் காட்டுங்கோ. அரை மணித்தியால வேலை கூட இல்ல.