முதல் பைக்: கால் எட்டுதா, பிரேக் நிக்குதா?

என் உயரம் 5 அடி 2 அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சீட் உயரமெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பனைமரத்தில் பாதி உயரம் இருக்கிறார்கள்.

கியர் வண்டிதான் வேண்டும் என்று முடிவு செய்து கோவையில் ஒரு ஷோரூமுக்குள் நுழைந்ததும், கேட்காமலேயே என்னை ஸ்கூட்டி வரிசைக்குக் கூட்டிப்போனார்கள். "பைக் பாக்கணுங்க" என்றேன். "சாருக்குங்களா மேடம்?" என்றார் அந்தத் தம்பி. சார் யாரும் இல்லை, எனக்குத்தான் என்றதும் கொஞ்சம் தயங்கிவிட்டு, நேராக மைலேஜ் கணக்கை ஆரம்பித்தார். புதிதாக ஓட்டப் பழகுகிறவருக்கு மைலேஜ் நான்காவது ஐந்தாவது கேள்விதான். நின்றால் கால் ஊன்ற முடியுமா, பதறிப்போய் பிரேக்கைப் பிடித்தால் வண்டி நேராக நிற்குமா, இந்த இரண்டையும் வைத்துத்தான் ஐந்து வண்டிகளை நான் அலசினேன்: ஸ்ப்ளெண்டர் பிளஸ், டிவிஎஸ் ரைடர் 125, ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர், யமஹா எஃப்இசட்-எஸ், ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350. யமஹாவின் ஆர்15 ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அதன் சீட் உயரம் 815 மில்லிமீட்டர். எனக்கு அதில் கால் தரையைத் தொட வேண்டுமென்றால் பிளாட்பாரம் ஓரமாகத்தான் நிறுத்த வேண்டும்.

இந்த ஐந்தின் சீட் உயரத்தைக் காகிதத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ரைடர் 780, ஸ்ப்ளெண்டர் 785, எஃப்இசட்டும் ஹண்டரும் 790, எக்ஸ்ட்ரீம் 794. தாழ்ந்ததற்கும் உயர்ந்ததற்கும் நடுவே ஒரு விரல் பருமன்தான். ஏறி உட்கார்ந்தால்தான் சங்கதி தெரியும். ஸ்ப்ளெண்டரின் டேங்கும் சீட்டின் முன்பகுதியும் ஒல்லி. தொடை அகலாமல் கால் நேராகக் கீழே இறங்கும், இரண்டு பக்கமும் முன்பாதம் பதியும். ஹண்டரில் சீட் அகலம், கால் வெளிப்பக்கமாகப் பிரிந்துதான் இறங்குகிறது. காகிதத்தில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம், எனக்கோ ஒரு பக்கம் கட்டைவிரல்தான் தொட்டது. ஆகவே சீட் உயரத்தை எண்ணாகப் படிக்காதீர்கள். வழக்கமாகப் போடும் செருப்போடு போய், உட்கார்ந்து, வண்டியைக் காலால் தள்ளிப் பின்னால் நகர்த்திப் பாருங்கள். ஷோரூம் தரை வழுவழுவென்று இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

எடையும் அப்படித்தான். ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, ரைடர் 123, எக்ஸ்ட்ரீமும் எஃப்இசட்டும் 136 பக்கம், ஹண்டர் 181. இந்தக் கடைசி எண்ணின் அர்த்தம் எனக்கு வடகோவை மேம்பாலத்து ஏற்றத்தில் புரிந்தது. அக்கா வீட்டு மாமாவின் 350 சிசி வண்டி (ஹண்டர் இல்லை, அதைவிடப் பெரிய உருவம்). முன்னால் பஸ் நின்றது, நானும் நின்றேன், கிளட்சைச் சட்டென்று விட்டதில் இன்ஜின் அணைந்தது. வண்டி பின்னால் நகரத் தொடங்கியது. இடது காலை ஊன்றினேன், சரிவில் கால் எட்டவில்லை. விழுந்தது என்று சொல்ல முடியாது. மெதுவாகச் சாய்ந்தது, நான் தடுக்கப் பார்த்துத் தோற்றேன். பின்னால் இருந்த ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "உடுங்க அம்மிணி, நான் புடிச்சுக்கறேன்" என்று தூக்கிக் கொடுத்தார். கிளட்ச் லீவர் வளைந்தது, என் வீறாப்பும் கூடவே. ஓடும்போது அந்த வண்டி பட்டு மாதிரி போகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் புதிதாக ஓட்டுகிறவர் தடுமாறுவது வண்டி ஓடும்போது அல்ல, நிற்கும்போதும் திரும்பும்போதும்தான்.

அப்புறம் பிரேக். "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுரும்" என்று சொல்லித்தான் நம் வீடுகளில் வண்டி பழக்குகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. பிரேக் பிடித்தவுடன் பாரத்தில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குச் சாய்கிறது. பின் சக்கரம் இலேசாகிவிடுவதால் அதை எவ்வளவு மிதித்தாலும் வழுக்குமே தவிர வண்டி சீக்கிரம் நிற்காது. வண்டியை நிறுத்துவதே முக்கியமாக முன் பிரேக்தான். ஆனால் ரோட்டோர மணலிலோ மழையிலோ பயந்துபோய் அதை இறுக்கினால் முன் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். அடுத்த கணம் நீங்கள் கீழே.

இங்கேதான் ஏபிஎஸ்ஸும் சிபிஎஸ்ஸும் பிரிகின்றன. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயம். 125-ம் அதற்குக் கீழும் சிபிஎஸ் இருந்தாலே போதும் என்றது அந்த விதி. சிபிஎஸ் என்பது பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு. காலை மட்டுமே நம்பி ஓட்டுகிறவர்களுக்கு அது நல்ல உதவி, ஆனால் சக்கரம் பூட்டுவதை அது தடுக்காது. ஏபிஎஸ் தடுக்கும்: சக்கரம் பூட்டப்போவதை உணர்ந்து பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும், கையில் லீவர் துடிப்பது தெரியும். பெயர்கள் ஒன்று போல இருப்பதால் விற்பவர்களே இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். நான் போன இடத்தில் "அதுவும் ஏபிஎஸ் மாதிரிதான் மேடம்" என்றார் அந்தத் தம்பி. மாதிரி இல்லை.

2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஆகவே இந்த இடத்தில் பத்தாயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கண்ணோடு பார்த்தால் ஸ்ப்ளெண்டர் கொஞ்சம் பின்தங்கும். சாதாரண வகையில் இரண்டு பக்கமும் டிரம் பிரேக்தான். ஆனால் பழக அதைவிட நல்ல வண்டி கிடையாது என்பேன். 8 குதிரைசக்திதான், ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டாலும் பாய்ந்து பயமுறுத்தாது. ஆர்டிஓ மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டுப் போட இந்த ஒல்லி வண்டிதான் கை கொடுக்கும். எனக்கும் கொடுத்தது, என் தம்பியின் பழைய ஸ்ப்ளெண்டர். நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸில் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு லாரியை முந்தப் பார்க்கும்போதுதான் அதன் மூச்சு வாங்குவது தெரியும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்ப்ளெண்டரில் நாலு கியரும் முன்பக்கம் அமுக்கினால் ஏறும். மற்ற நான்கிலும் முதல் கியர் கீழே, மீதியெல்லாம் மேலே. ஸ்ப்ளெண்டரில் பழகிய கால், அவசரத்தில் ஏற்றுவதாக நினைத்து இறக்கிவிடும். வண்டி பின்னால் யாரோ பிடித்து இழுத்த மாதிரி குலுங்கும். இரண்டு வாரம் எனக்கு இந்த வேலைதான்.

ரைடர் ஓசூரில் செய்கிற வண்டி, சுறுசுறுப்பு. 11 குதிரைசக்திக்கு மேல், எடையும் குறைவு, எனக்குக் காலும் நன்றாகவே எட்டியது. குறைந்த விலை வகைகளில் சிபிஎஸ்தான். ஏபிஎஸ் உள்ள வகை பிறகுதான் வந்தது. எந்த வகை என்று பில் போடுமுன் கேளுங்கள்.

நிஜமான போட்டி எக்ஸ்ட்ரீமுக்கும் எஃப்இசட்டுக்கும்தான். 125 என்றால் இலேசு, 150 என்றால் முரட்டு வண்டி என்று நினைத்திருந்தேன். எடை இரண்டும் ஒன்று, சக்தியும் 11.5, 12.4 என்று பக்கத்துப் பக்கத்தில். இரண்டிலும் முன் சக்கரத்துக்கு ஏபிஎஸ் (எக்ஸ்ட்ரீமில் ஏபிஎஸ் இல்லாத வகையும் உண்டு, கவனம்). எஃப்இசட்டின் பின் டயர் 140 மில்லிமீட்டர் அகலம். ஈர ரோட்டில் அதன் நிதானம் பிடித்திருந்தது. எக்ஸ்ட்ரீம் பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், விலையும் குறைவு. இன்சூரன்ஸில் இரண்டும் ஒரே கட்டணம்: 2022-ல் நிர்ணயித்தபடி 150 சிசி வரை ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு 3,851 ரூபாய், வரி தனி. எஃப்இசட் 149 சிசி, மயிரிழையில் தப்பிக்கிறது. ஹண்டருக்கு 7,365. வண்டி விலையும் ஸ்ப்ளெண்டரைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஹண்டரை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உயரமும் கொஞ்சம் அனுபவமும் இருப்பவர் தாராளமாக எடுக்கலாம்.

நான் எஃப்இசட் எடுத்தேன். எக்ஸ்ட்ரீமில் அந்த 4 மில்லிமீட்டர் எனக்கு உறுத்தியது. உங்களுக்கு 5 அடி 5 இருந்தால் எக்ஸ்ட்ரீமையே எடுத்துப் பணத்தை மிச்சப்படுத்துங்கள், அதில் நல்ல ஹெல்மெட் வரும். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள். எடுத்த மூன்றாவது வாரம், சாய்பாபா காலனியில் தூறலில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. பழைய பழக்கத்தில் இரண்டு பிரேக்கையும் அப்படியே இறுக்கிவிட்டேன். லீவர் கையில் நாலு தடவை துடித்தது, பின்பக்கம் லேசாக வாலாட்டியது, வண்டி நின்றது. நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மாவுக்குத்தான் ஒரு குறை. பின்சீட் மேடாக இருக்கிறதாம், சேலையோடு ஒரு பக்கமாக உட்கார ஸ்ப்ளெண்டரின் தட்டைச் சீட்தான் தோதாம். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இன்னும் தம்பியோடுதான் போகிறாள்.