பழைய ராணுவப் பெட்டியா, புதுத் தகரமா, பிளாஸ்டிக்கா? தோட்டாப் பெட்டிகள் ஓர் அலசல்

ஒரே வாரத்தில் வாங்கிய மூன்று தோட்டாப் பெட்டிகளைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்தேன். ராணுவம் கழித்துவிட்ட பழைய இரும்புப் பெட்டி ஒன்று, அதே வடிவத்தில் கடை விற்பனைக்கென்றே செய்த புதியது ஒன்று, பிளாஸ்டிக் ஒன்று. மூன்றுக்குள்ளும் செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு மூடினேன். காலிப் பெட்டி லேசில் மூழ்காது. எடை இரண்டரை கிலோகூட இல்லை, ஆனால் எட்டு லிட்டருக்கு மேல் தண்ணீரை விலக்குகிறது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பழையது அசையாமல் கிடந்தது. பிளாஸ்டிக்கும் அப்படியே. புதிய இரும்புப் பெட்டியில் மட்டும் கீல் பக்கத்து மூலையிலிருந்து குமிழிகள் சரம் கோத்தாற்போல் மேலே வந்துகொண்டிருந்தன. திறந்தபோது செய்தித்தாளின் ஒரு மூலை நனைந்து கருத்திருந்தது.

ஒரு பெட்டியை வைத்துப் புதியவை எல்லாவற்றையும் கழித்துக்கட்டுவது நியாயமில்லை. ஆனாலும் நாம் காசு கொடுப்பது எதற்கு என்பதை அந்தக் குமிழிகள் எனக்குத் தெளிவாக்கின. தோட்டாவை அட்டைப் பெட்டியில் வைத்தாலும் இருக்கும், மரப்பெட்டியில் வைத்தாலும் இருக்கும். இரும்புப் பெட்டிக்குக் கூடுதல் பணம் தருவது அதன் மூடிக்குள் ஓடும் ரப்பர் பட்டைக்காகத்தான். அது விளிம்பில் சரியாக உட்காரவில்லை என்றால் மீதியெல்லாம் கைப்பிடி வைத்த தகர டப்பா.

அளவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் தவறுவது அங்கேதான். சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்க ராணுவ வடிவங்கள் அல்லது அவற்றின் நகல்கள். ஒல்லியானது எம்19ஏ1, பேச்சுவழக்கில் ‘பாயிண்ட் 30’; எண் தோட்டாவின் விட்டத்தை அங்குலத்தில் சொல்வது. பட்டையில் கோத்த 7.62 மி.மீ. தோட்டா 200 கொள்ளும். அடுத்தது எம்2ஏ1, அதாவது ‘பாயிண்ட் 50’. கனரக இயந்திரத் துப்பாக்கியின் தோட்டா 100 கொண்ட பட்டை இதில் அடங்கும். உள்ளளவு சுமார் 28 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரம், கொள்ளளவு ஏறத்தாழ ஏழு லிட்டர். அதைவிட ஒரு சுற்றுப் பருத்தது பிஏ-108, ‘குண்டு 50’ என்று செல்லப் பெயர். இவற்றுக்கெல்லாம் மேலே எம்548 என்ற 20 மி.மீ. தோட்டாப் பெட்டி இருக்கிறது. அது பெட்டி என்பதைவிடச் சிறிய டிரங்குப் பெட்டி என்பதே சரி.

விலையை லிட்டர் கணக்கில் வகுத்துப் பார்த்தால் பெரிய பெட்டியே லாபம் போலத் தோன்றும். தூக்கும்போதுதான் கணக்கு திரும்பும். 9 மி.மீ. தோட்டா ஒன்று சுமார் 12 கிராம். ஆயிரம் போட்டால் 12 கிலோ; பெட்டியோடு சேர்த்து 14 கிலோவைத் தாண்டும். பாயிண்ட் 45 தோட்டா ஆயிரம் என்றால் 21 கிலோ. குண்டு 50-ஐ வாய்வரை நிரப்பிவிட்டு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒற்றைக் கையால் இறக்க முயல்கிறவருக்கு முதுகு வைத்தியரின் விலாசம் கையில் இருப்பது நல்லது. எம்548 வாங்கினால் அதில் தோட்டாவை வைக்க வேண்டாம். கூடாரக் கயிறு, முளைக்குச்சி போன்ற இலகுவானவற்றை வைக்கலாம். என் தேர்வு: கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கும் சிறிய ரைபிள் தோட்டாவுக்கும் பாயிண்ட் 50, படியேறித் தூக்க வேண்டிய இடத்திலும் கனமான ரைபிள் தோட்டாவுக்கும் பாயிண்ட் 30. மற்ற இரண்டும் எனக்கு வேண்டாம்.

இனி பழையதும் புதியதும். ராணுவப் பழசின் தகடு தடித்தது. கொக்கியை இழுத்துப் பூட்டும்போது மூடி ‘டப்’பென்று இறங்கி அமர்வதைக் கை உணரும். எம்2ஏ1-இன் மூடியை முழுதாகத் திறந்து பக்கவாட்டில் தள்ளினால் கீலிலிருந்து கழன்று வந்துவிடும். சுத்தம் செய்வதற்கும் ரப்பரைச் சோதிப்பதற்கும் இது பெரிய வசதி. பெயரும் வகையும் தகட்டிலேயே புடைத்து நிற்கும். பச்சை வண்ணத்தின்மேல் மஞ்சள் எழுத்தில் என்ன தோட்டா, எத்தனை, எந்தத் தொகுதி என்று அச்சிட்டிருக்கும். குறை என்றால் தோற்றம்தான். கீறல், நசுங்கல், துரு, சில நேரம் உள்ளே மண். விற்பவர்கள் ‘கிரேடு 1’, ‘கிரேடு 2’ என்று பிரிப்பார்கள். அது அவரவர் கண்ணளவு. ஒருவருடைய இரண்டாம் தரம் இன்னொருவருடைய முதல் தரத்தைவிட நன்றாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

புதியவற்றில் நல்லதும் உண்டு, மட்டமானதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும். மட்டமானதில் தகடு மெலிது. மூடியின் நடுவைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கும். மூலைகளில் வெல்டிங் பொட்டுப் பொட்டாக இருக்கும். ரப்பர் பட்டையின் இரு முனைகளும் சேரும் இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளி தெரியும். என் பெட்டியில் குமிழி வந்தது சரியாக அந்த இடத்தில்தான். நல்ல புதிய பெட்டி கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். துரு இல்லை, பழைய வண்ணத்தின் வம்பும் இல்லை. ஆனால் அந்தத் தரத்தைத் தேடிப் போகும்போது விலை பெரும்பாலும் நல்ல பழசைத் தாண்டிவிடும். பிறகு ‘மலிவு’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

போக்குவரத்துச் செலவையும் மறக்கக் கூடாது. நான்கு பாயிண்ட் 50 பெட்டிகள் காலியாகவே பத்து கிலோவை நெருங்கும். தொலைவிலிருந்து வரவழைத்தால் பெட்டியின் மலிவை அனுப்பும் கூலி விழுங்கிவிடும். முடிந்தால் நேரில் போய்ப் பொறுக்கி எடுப்பதே மேல். படத்தை நம்பி நான் வாங்கிய ஒரு தொகுதியில் நான்கில் ஒன்றின் விளிம்பு உள்பக்கம் நெளிந்திருந்தது. படம் எடுத்தவர் அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்க வைத்திருந்தார். தற்செயல்தான் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

நேரில் போகும்போது ஒரு தாள்துண்டும் சிறிய டார்ச்சும் போதும். தாளை விளிம்பின்மேல் வைத்து மூடிக் கொக்கியைப் பூட்டி, தாளை இழுத்துப் பார்க்க வேண்டும். நான்கு பக்கமும் அது பிடித்து நிற்க வேண்டும். எங்கே வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே காற்றும் வரும். பிறகு டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடி, இருட்டான மூலையில் பார்க்கலாம். கோடாக வெளிச்சம் கசிந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி வைத்துவிட வேண்டியதுதான். விளிம்பின்மேல் விரலை ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத நெளிவும் தட்டுப்படும். அடிப்பக்கத்துத் துருவைப் பார்த்து மிரள வேண்டாம், தேய்த்தால் போய்விடும். விளிம்பில் குழி விழுந்த துரு இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ரப்பர் அந்தக் குழிகளை நிரப்பாது.

பிளாஸ்டிக் பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துருப்பிடிக்காது, எடை குறைவு, விலையும் குறைவு. சுடுதளத்துக்கு ஒரு நாளைக்கு வேண்டியதை எடுத்துப் போய் வர இதைவிட வசதியானது இல்லை. ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைக்க இரும்பே சரி. மேலே மேலே பாரம் ஏற்றினால் பிளாஸ்டிக் மூடி வளைகிறது. வெயிலில் கிடந்தால் நொறுங்கத் தொடங்குகிறது. கைப்பிடியின் இணைப்பு முதலில் போகிறது. எலி கடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் பழசு கொஞ்சம் வேலை வாங்கும். துருவைக் கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் எடுத்து, ஈரம் போகத் துடைத்து, துருத்தடுப்பு பிரைமர் ஒரு பூச்சு, அதன்மேல் எனாமல். பழைய ராணுவ வண்ணத்தில் ஈயமோ குரோமியமோ கலந்திருக்கலாம். எனவே உலர்வாகத் தேய்க்காமல் உப்புத்தாளை நனைத்துத் தேய்க்க வேண்டும், முகமூடி கட்டாயம், கிரைண்டரை வைத்துத் தூசியைப் பறக்கவிடவே கூடாது. மூடி உட்காரும் விளிம்பில் வண்ணத்தை அப்பிவிடாதீர்கள். தடித்த பூச்சு ரப்பரில் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது இரண்டையும் பிய்த்துவிடும்.

ரப்பர் பட்டைக்கு வாஸ்லின் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோலிய எண்ணெயில் இயற்கை ரப்பர் ஊதி இளகிவிடும். சோப்புத் தண்ணீரில் துடைத்து உலர்த்தி, சிலிகான் கிரீஸை விரல்நுனியால் மெல்லிய படலமாக இழுத்துவிட்டால் போதும். காலியாக வைத்திருக்கும் பெட்டியின் கொக்கியைப் பூட்டாமல் விடுவது இன்னொரு நல்ல பழக்கம். வருடக்கணக்கில் அழுத்தத்திலேயே இருக்கும் ரப்பர் தட்டையாகப் படிந்து மீண்டும் எழும்பாது. அப்படிப் படிந்துவிட்டாலும் எம்2ஏ1, எம்19ஏ1 இரண்டுக்கும் மாற்றுப் பட்டை தனியாகக் கிடைக்கிறது. பழசின் பக்கம் நான் சாய்வதற்கு இதுவே பெரிய காரணம். புதிய பெட்டிகளில் பலவற்றுக்கு ரப்பர் போனால் பெட்டியே போன மாதிரி.

ஈரத்தின் கதை தனி. நல்ல மூடி வெளி ஈரத்தை உள்ளே விடாது. உள்ளே மாட்டிய ஈரத்தை வெளியேயும் விடாது. ஒரு மழைநாளில், அட்டை டப்பாக்களோடு தோட்டாக்களை அடுக்கி, நிம்மதியாகப் பூட்டிவைத்தேன். சில மாதம் கழித்துத் திறந்தால், ஈரத்தை உறிஞ்சட்டும் என்று உள்ளே போட்ட சிலிக்கா ஜெல் மணிகள் நீலம் போய் வெளிறிய இளஞ்சிவப்பு, அதாவது ஈரம் குடித்த நிறம். அட்டையைத் தொட்ட பக்கத்தில் பித்தளைமீது பச்சைப் பொட்டுகள். மூடியைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். தொட்டியில் அமுக்கினால் ஒரு குமிழிகூட வரவில்லை.

கணக்குப் போட்டபோதுதான் விளங்கியது. 30 டிகிரி செல்சியஸில் ஈரம் நிறைந்த காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீர் இருக்கும். ஏழு லிட்டர் பெட்டியில் அது கால் கிராம்கூட ஆகாது. ஒரு சிட்டிகை சிலிக்கா ஜெல் அதைக் குடித்துவிடும். அட்டை அப்படியல்ல. மழைக்காலத்தில் அது தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் ஈரத்தை வாங்கிவைத்திருக்கும். கால் கிலோ அட்டை என்றால் இருபத்தைந்து கிராம் தண்ணீரை நானே உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் உலர்ந்த நாளில்தான் அடுக்குகிறேன், அட்டையையும் ஒருநாள் காயவிட்டு. சிலிக்கா ஜெல்லை 110 டிகிரி அளவில் ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். நீல ரகத்தில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப் பொருள் இருப்பதால் சமைக்கிற ஓவனில் வைக்காமல் ஆரஞ்சு ரகத்துக்கு மாறிவிட்டேன். அதற்குச் சூடு சற்றுக் குறைவாகப் போதும். பெட்டியைச் சிமெண்டுத் தரையில் நேரடியாக வைக்காமல் இரண்டு மரச்சட்டத்தின்மேல் ஏற்றிவைத்தால் அடித்துருவும் மட்டுப்படும்.

இந்தப் பெட்டியில் எதை வைக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டா நிரப்பும் வெடிமருந்துத் தூளை அதன் சொந்த டப்பாவிலிருந்து எடுத்து இதில் கொட்டிவைக்கவே கூடாது. இறுக்கமான இரும்புக்குள் அது தீப்பிடித்தால் பெட்டியே குண்டாகிவிடும். லித்தியம் பாலிமர் பேட்டரிகளை வைக்கிறவர்கள் ரப்பரைக் கழற்றி வாயுவுக்கு வழி விட வேண்டும். பூட்டு மாட்ட மூடியில் துளை போடுவதும் வேண்டாம். கொக்கியோடு சேர்த்துப் பூட்டும் இணைப்பு கிடைக்கிறது. பழைய பெட்டியில் வேறு பொருளை வைத்து அனுப்புவதானால் யுஎன் 0012, 1.4எஸ் போன்ற அபாயக் குறிகளை வண்ணம் பூசி மறைத்துவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே திருகாணிதான் இருக்கிறது என்று வழியெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க நேரும்.

ஒழுகிய அந்தப் புதிய பெட்டிக்கு எம்2ஏ1-இன் மாற்றுப் பட்டையைப் போட்டுப் பார்த்தேன். ஒரு விரல் அகலத்துக்கு நீளம் போதவில்லை. இப்போது அதில் ஸ்பேனர்களும் ஆணிகளும் கிடக்கின்றன. மூடியைக் கழற்றி ஒதுக்கிவிட்டேன்.