ஸ்லீப், ஹைபர்னேட், ஷட்டவுன்: வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு எது லாபம்?

சும்மா நிற்கும் டெஸ்க்டாப் சுமார் 50 வாட் இழுக்கும். இரவு 10 மணி நேரம் அப்படியே விட்டால் அரை யூனிட். இரண்டு மாதத்தில் 30 யூனிட். ஸ்கிரீன் சேவர் ஓடினால் மிச்சமாகும் என்ற நம்பிக்கை வேண்டாம். எல்.சி.டி. மானிட்டரின் பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

ஸ்லீப்பில் ரேமுக்கு (திறந்திருக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) மட்டும் கரண்ட் போகும். பெரும்பாலான டெஸ்க்டாப்களில் 5 வாட்டுக்குள் அடங்கிவிடும், இரண்டு மூன்று நொடியில் எழுந்துவிடும். கரண்ட் போனால்தான் ஆபத்து: சேமிக்காத வேலை எல்லாம் போய்விடும். இதற்குத்தான் ஹைபிரிட் ஸ்லீப். ரேமில் இருப்பதை டிஸ்கிலும் ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டு தூங்கும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், ஸ்லீப் என்று போய் இதை ஆன் செய்யலாம். யு.பி.எஸ். இல்லாத டெஸ்க்டாப்புக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

ஹைபர்னேட் எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதிவிட்டு முழுதாக அணையும். எஸ்.எஸ்.டி. இருந்தால் எழ அரை நிமிடம்கூட ஆகாது; பழைய ஹார்ட் டிஸ்க்கில் பொறுமை வேண்டும். சி டிரைவில் இடம் பிடிக்கும்: வழக்கமாக ரேமில் 40 சதவீதம், அதாவது 16 ஜி.பி. ரேமுக்குச் சுமார் 6.4 ஜி.பி. பையில் போட்டுக் கிளம்பும் லேப்டாப்புக்கு இதுதான் சரி. புதிய லேப்டாப்களின் ஸ்லீப் பாதி விழிப்பிலேயே இருப்பதால், பைக்குள் சூடாகி பேட்டரி தீர்ந்துபோவதுண்டு. மெனுவில் ஹைபர்னேட் காணோமா? பவர் ஆப்ஷன்ஸில் பவர் பட்டன் பகுதியைத் திறந்து, மங்கலாக இருக்கும் அமைப்புகளை மாற்றும் இணைப்பை அழுத்தி, டிக் செய்யுங்கள்.

ஷட்டவுன் பலரும் நினைப்பதுபோல முழு அணைப்பு அல்ல. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கிறது; அது ஆனில் இருந்தால் உங்கள் புரோகிராம்கள் மூடப்படும், ஆனால் விண்டோஸின் உள்பகுதி ஹைபர்னேட் ஆகிறது. டாஸ்க் மேனேஜரில் சி.பி.யு. பக்கத்தில் 'அப் டைம்' (கடைசியாக முழுதாகத் தொடங்கியதிலிருந்து ஆன நேரம்) பாருங்கள்: தினமும் அணைத்தும் பல நாள் கணக்கு காட்டும். ரீஸ்டார்ட் மட்டும் விண்டோஸை முதலிலிருந்து தொடங்கும். பிரிண்டர், வைஃபை தகராறு செய்யும்போது ஷட்டவுன் செய்து போட்டால் தீராதது ரீஸ்டார்ட்டில் தீர்வது இதனால்தான். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும். லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் செய்தே ஆக வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் பார்ட்டிஷனில் அங்கிருந்து எழுத முடியாமல் போகலாம்.

எங்கள் தேர்வு: டெஸ்க்டாப்பில் மானிட்டர் 5 நிமிடத்தில் அணைய, 20 நிமிடத்தில் ஹைபிரிட் ஸ்லீப், வாரம் ஒரு ரீஸ்டார்ட். லேப்டாப் மூடியை மூடினால் ஹைபர்னேட்.

நடுராத்திரியில் தானாக எழுந்தால், அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் வேக் டைமர்களை (குறித்த நேரத்தில் கம்ப்யூட்டரை எழுப்பும் ஏற்பாடு) டிஸேபிள் செய்யுங்கள். அப்படியும் எழுந்தால் டிவைஸ் மேனேஜரில் மவுஸ், நெட்வொர்க் அடாப்டர் இரண்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். கீபோர்டில் மட்டும் விட்டுவைத்தால் போதும்.