948 மொரிஸ் மைனரில் 1098இன் கியர்பெட்டி: சில ஆண்டு ஓட்டத்தின் பின்னர்

எங்கள் வீட்டு மொரிஸ் மைனர் 948 சீசீ எஞ்சினைக் கொண்ட 1960ஆம் ஆண்டு வண்டி. அதன் பழைய கியர்பெட்டியைக் கழற்றிவிட்டு, 1962இல் அறிமுகமான 1098 சீசீ மைனருக்குரிய கியர்பெட்டியைப் பொருத்திச் சில ஆண்டுகளாக மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஓட்டி வருகிறோம். எஞ்சினில் கைவைக்கவில்லை, ஆகவே பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் அப்படியே இருக்கிறது. இவ்வேலையில் பூட்டுவதும் கழற்றுவதும் சிறு பகுதிதான். எந்தப் பாகம் எதனோடு சேரும் என்று அறிந்து தேடுவதிலேயே காலமும் பணமும் செல்கின்றன.

948இன் கியர்பெட்டிக்கு இரண்டாவது கியரே பலவீனம். கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தை ஒன்றாக்கும் அதன் சிங்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டால், மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போதெல்லாம் பற்கள் கரகரக்கும். 1098இன் பெட்டியில் அந்த வளையங்கள் பெரியவை, உறுதியானவை. வெளியிலிருந்து பார்த்தே இரண்டையும் பிரித்தறியலாம்: பழையதன் கிளட்ச் கூடு வழுவழுப்பாக இருக்கும், புதியதன் கூட்டின்மேல் விலா எலும்புகள்போல வரிகள் ஓடும். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் விற்பவர் என்ன சொன்னாலும் அந்த வரிகளைக் கண்ணால் கண்டபின்னரே விலை பேசவேண்டும். முதலாம் கியருக்கு இரண்டு பெட்டிகளிலும் சிங்க்ரோ கிடையாது என்பதால், ஓடும் வண்டியை முதலாம் கியருக்கு இறக்கும் வசதியை எதிர்பார்த்து இதை வாங்குபவர் ஏமாறுவார்.

பெட்டியை மட்டும் வாங்கி வந்தால் அது பழைய எஞ்சினோடு சேராது. 948இன் கிளட்ச் ஆறேகால் அங்குல விட்டமுடையது. 1098இன் கிளட்ச் ஏழேகால் அங்குலம். கிளட்ச் மாறும்போது அதைத் தாங்கும் பிளைவீலும் (எஞ்சினின் பின்னால் சுழலும் கனமான சக்கரம்), எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையில் நிற்கும் பின்தகடும் கூடவே மாறவேண்டும். ஸ்டாட்டர் மோட்டார் அந்தத் தகட்டில்தான் பூட்டப்படுகிறது என்பதால், அதன் சிறு பற்சக்கரம் பிளைவீல் வளையத்தின் பற்களோடு சரியாகக் கடிக்கிறதா என்பதையும் எஞ்சினை வண்டியில் இறக்குமுன்னரே பார்த்துவிடவேண்டும். நாங்கள் கியர்பெட்டி, பின்தகடு, பிளைவீல், கிளட்ச், ஸ்டாட்டர் ஆகிய அனைத்தையும் கழித்துப்போட்ட ஒரே 1098 வண்டியிலிருந்து தொகுதியாக எடுத்தோம். தனித்தனியாக வாங்கினால் மலிவு என்று சொன்னவர்கள் உண்டு. ஒன்றோடொன்று சேராத இரண்டு பாகங்களை மறுபடி விற்கப்போகும்போது அந்த மலிவு தெரியும்.

இவற்றுள் பின்தகட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் நம் பகுதியில் பலர் அதை வெறும் இரும்புத் தகடாகவே எண்ணுகிறார்கள். கியர்பெட்டியின் முன்தண்டின் நுனி கிராங்க் தண்டின் பின்முனையிலுள்ள சிறு புஷ் என்னும் உலோகக் குழலுக்குள் சுழல்கிறது. இரண்டு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்பதற்கு அந்தத் தகட்டின் துளைகள் இருக்கவேண்டிய இடத்தில் இருப்பது அவசியம். பழைய தகட்டில் புதிய துளைகளைப் போட்டுத் தரமுடியுமா என்று காத்தான்குடியிலுள்ள லேத் பட்டறையில் கேட்டபோது, பட்டறைக் காக்கா (அண்ணன்) தகட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "துளை போடலாம் தம்பி, நடு மையத்துக்கு நான் பொறுப்பில்ல" என்றார். அவ்வளவு நேர்மையான பதிலை வேறு கராஜ்களில் கேட்டதில்லை. மையம் விலகினால் முதலில் அந்தப் புஷ் தேயும், பிறகு முன்தண்டின் பெயாரிங் இரையத் தொடங்கும். அதற்குள் பழியெல்லாம் கியர்பெட்டியின் தலையில் விழுந்திருக்கும்.

ஐந்து கியர் கொண்ட ஜப்பானியப் பெட்டியைப் போடாதது ஏன் என்று கேட்பவர்களுக்கும் இதுவே என் பதில். அதற்கு இடைத்தகடு செய்யவேண்டும், பின்அச்சுக்குச் செல்லும் புரொப்பலர் தண்டின் நீளத்தை மாற்றவேண்டும், தரைக்கூட்டையும் வெட்டவேண்டி வரலாம். எங்கள் மாற்றத்தில் வண்டியின் உடலில் எதையும் வெட்டவில்லை.

பயன்பாட்டில் இரண்டாவது கியர் இன்றுவரை கரகரத்ததில்லை. பராமரிப்பில் முக்கியமானது எண்ணெய்: இந்தப் பெட்டிக்கு எஞ்சின் எண்ணெயே ஊற்றவேண்டும், நாங்கள் 20டபிள்யூ50 பயன்படுத்துகிறோம். கியர்பெட்டி என்றதும் 90ஆம் இலக்கக் கியர் எண்ணெயை எடுக்கும் கை நம் கராஜ்களில் அதிகம். அது பின்அச்சுக்கு உரியது. கிளட்சை விடுவிக்கும் பெயாரிங் கார்பனால் ஆனது, எண்ணெய் கேட்காது, ஆனால் மிதியில் கால் வைத்தபடியே நின்றால் விரைவில் தேய்ந்துவிடும். காத்தான்குடிப் பிரதான வீதியில் மாலை நெரிசலில் நகரும்போது கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து காலை எடுத்துவிடுவதே நல்லது.

சில காலம் கழித்து 1098இன் டிபரன்ஷலையும், அதாவது பின்அச்சிலுள்ள பற்சக்கரத் தொகுதியையும், போட்டோம். பழையதில் 9க்கு 41 பற்கள், அதாவது 4.55, புதியதில் 9க்கு 38, அதாவது 4.22. ஒரே வேகத்தில் முன்பு 1,000 முறை சுற்றிய எஞ்சின் இப்போது ஏறத்தாழ 927 முறையே சுற்றுகிறது. கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை செல்லும் தட்டையான வீதியில் இதன் அமைதி இன்பமானது. ஆனால் 948 எஞ்சினின் வலு 37 குதிரைச்சக்திதான். செங்கலடியிலிருந்து பிபிலையைக் கடந்து லுணுகலைப் பக்கம் ஏறும்போது, முன்பு நான்கில் சமாளித்த இடங்களில் மூன்றுக்கு இறங்கவேண்டியிருக்கிறது. பதுளைக்கு அடிக்கடி போகிறவர் 4.55ஐ விட்டுவிடாமல் இருப்பதே மேல். கரையோரத்தில் மட்டும் ஓடுகிறவர் தயங்கவேண்டியதில்லை.

டிபரன்ஷல் மாறியதால் வேகமானியும் பிழையாகிவிடுகிறது. அதன் கம்பி கியர்பெட்டியின் பின்முனையிலிருந்து வருவதால், முள் 40 மைலைக் காட்டும்போது வண்டி 43 மைலில் ஓடுகிறது. வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டுவது ஆபத்தான பிழை. 4.22 டிபரன்ஷலுடன் வந்த 1098 வண்டியின் வேகமானியைப் போட்டால் கணக்குச் சரியாகிவிடும். ஆகவே உதிரிப்பாகங்களுக்காக ஒரு வண்டியைப் பிரிக்கும்போது டாஷ்போர்டிலிருந்து அதையும் கழற்றித் தரும்படி முதலிலேயே பேசிக்கொள்ளவேண்டும்.