துப்பாக்கிக்கு முன் பாக்கெட்டை அளந்து பாருங்கள்: ஏழு வருடப் பாக்கெட் கேரி அனுபவம்

துப்பாக்கி உரிமம் கைக்கு வந்த வாரத்திலேயே முதல் தப்பைச் செய்துவிட்டேன். கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததிலேயே ஆகச் சின்னதைக் காட்டி, "அதை எடுங்கள்" என்றேன். .380 ஏசிபி என்ற சின்னத் தோட்டாவைச் சுடும் பிஸ்டல். தோட்டா இல்லாமல் 270 கிராம் சொச்சம், தடிமன் ஒரு அங்குலம்கூட இல்லை. மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) 6, சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் இடம்) 1. பாக்கெட்டில் போட்டால் இருப்பதே தெரியாது என்று நினைத்தேன். உண்மையிலேயே தெரியவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு ஏழு வருடம் ஓடிவிட்டது. மூன்று துப்பாக்கி, ஐந்தாறு ஹோல்ஸ்டர் (துப்பாக்கியைச் செருகி வைக்கும் கூடு), ஓட்டை விழுந்த பேண்ட் எத்தனையோ. இடுப்பில் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: நான் சட்டையை உள்ளே விட்டு உடுத்தும் ஆள். வேலையும் அப்படி. அதனால் எனக்குப் பேண்டின் முன் பாக்கெட்தான். இதைத்தான் பாக்கெட் கேரி என்கிறார்கள்.

முதல் பிஸ்டலின் நிறுவனத்தை இங்கே இழுக்க வேண்டாம். அந்த அளவில் யார் செய்தாலும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான். .380 ஏசிபி இன்று நேற்று வந்த தோட்டா இல்லை. அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1908-இல் கோல்ட் நிறுவனத்தின் பாக்கெட் பிஸ்டலோடு வந்தது. குண்டின் விட்டம் வழக்கமான 9 மிமீ தோட்டாவுடையதேதான், மருந்து அடைத்த உறைதான் 2 மிமீ குட்டை. ஆனால் அந்தக் காலத்துப் பிஸ்டல்கள் முழுக்க இரும்பு. பிளாஸ்டிக் சட்டகத்தில், 300 கிராமுக்குள் அதை அடக்கியது பிற்பாடு வந்த வழக்கம். கெல்-டெக் பி-3ஏடி 2003-இல் வந்தது, ரூகர் எல்சிபி 2008-இல். அதற்குப் பிறகுதான் பாக்கெட் பிஸ்டல் என்றாலே இந்த உருவம் என்று ஆகிப்போனது.

எடை குறைந்தால் சுடும்போது கையில் விழும் உதை கூடும், அவ்வளவுதான் கணக்கு. முதல் நாள் ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடம்) 100 தோட்டா எடுத்துப் போனேன். 30 தாண்டுவதற்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை சிவந்துவிட்டது. சுண்டுவிரலுக்குப் பிடியில் இடமே இல்லை, காற்றில் தொங்குகிறது. மேலே குறிபார்க்க இருக்கும் மேடு, அரிசிமணி அளவு. 7 கஜத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் எல்லாக் குண்டும் விழுந்தாலே பெரிய காரியம். மிச்சம் 70 தோட்டாவோடு வீட்டுக்கு வந்தேன். அடுத்த மாதம் போகவில்லை. அதற்கு அடுத்த மாதமும் ஏதோ ஒரு சாக்கு.

இதைத்தான் கடையில் யாரும் சொல்லவில்லை. பாக்கெட்டில் வைத்துக்கொள்ளச் சுகமாக இருப்பதைச் சுட்டுப் பழக மனசு வராது. தினமும் கூடவே வரும், ஆனால் கைக்குப் பழகாது. எனக்கு இது உறைக்க ஒன்றரை வருடம் ஆனது.

உறைக்க வைத்தது ஒரு நாள் ரேஞ்சில் நடந்தது. இரண்டாவது தோட்டாவிலேயே ஸ்லைடு, அதாவது சுட்டதும் பின்னால் ஓடித் திரும்பும் மேல்பாகம், பாதியில் நின்றுவிட்டது. தட்டி, இழுத்து, மறுபடி சுட்டால் மறுபடி அதேதான். பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் வாங்கிப் பார்த்தார். உள்ளே பாக்கெட் பஞ்சு. பழைய எண்ணெயோடு சேர்ந்து களிம்பு மாதிரி ஒட்டியிருந்தது. துடைத்துக் கொடுத்தார். அப்புறமும் ஒருமுறை நின்றது. இந்தத் தடவை என் மணிக்கட்டைக் காட்டினார். உதைக்குப் பயந்து நான் பிடியைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி இலேசான பிஸ்டலில் கை இறுக்கமாக நிற்காவிட்டால் சட்டகமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போய்விடும், ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது. ஆக, பாதித் தப்பு பஞ்சுடையது, பாதி என்னுடையது.

அவர்தான் ரிவால்வரைக் கையில் கொடுத்தார். ஐந்து தோட்டா, .38 ஸ்பெஷல் ரகம், அலுமினியக் கலவைச் சட்டகம், இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான பேரல், தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல் முழுக்க உள்ளேயே மறைந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642, ரூகர் எல்சிஆர் எல்லாம் இந்த ஜாதி. எடை 400 கிராமை ஒட்டி. முதலில் எனக்குப் பிடிக்கவே இல்லை. என் பிஸ்டல் தட்டையாக இருக்க, இது நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது. தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டர் மட்டும் 33 மிமீ அகலம். கொள்ளும் தோட்டாவும் குறைவு.

ஆனால் பாக்கெட்டுக்குள் போட்டுப் பார்த்தால் நிலைமை தலைகீழ். தட்டையான பிஸ்டலின் பின்புறம் சதுரமாக இருக்கும். வெளியே எடுக்கும்போது அந்த மூலை பாக்கெட்டின் மேல்தையலில் இடிக்கும். ரிவால்வரின் முதுகு உருண்டை, வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்க்கும்போதும் பிஸ்டலின் நேர்கோடுகள்தான் துணியில் பளிச்சென்று தெரிகின்றன. வளைந்த உருவம், கைக்குட்டையைச் சுருட்டித் திணித்த மாதிரிதான் தெரியும்.

இங்கேதான் நான் பாக்கெட்டை அளக்க ஆரம்பித்தேன். குடுவைக்குள் கைவிட்ட குரங்கின் கதை எல்லோருக்கும் தெரியும். வெறுங்கை உள்ளே போகும். எதையாவது பிடித்த கை வெளியே வராது. பேண்ட் பாக்கெட்டும் அந்தக் குடுவைதான். துப்பாக்கி உள்ளே போகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குகிறோம். பார்க்க வேண்டியது, அதைப் பிடித்த முட்டி வெளியே வருமா என்பது. என் பேண்டுகளில் பாதி இதில் தோற்றுப்போயின. நான் இப்போது செய்வது இதுதான்: வாங்க நினைக்கும் துப்பாக்கியின் நீளம், உயரம், தடிமனை நிறுவனத்தின் விவரப் பக்கத்திலிருந்து எடுத்து, கெட்டி அட்டையை அடுக்கி ஒட்டி அந்த அளவில் வெட்டிக்கொள்வேன். பாக்கெட்டில் போட்டு நடந்து, உட்கார்ந்து, குனிந்து பார்ப்பேன். பிடித்துக்கொண்டு வெளியே எடுப்பேன். கடைக்குப் போவது அதற்கப்புறம்தான்.

உட்கார்ந்த நிலைதான் பாக்கெட் கேரியின் பெரிய ஓட்டை. கார் இருக்கையில், பெல்ட் போட்டுக்கொண்டு, முன் பாக்கெட்டிலிருந்து எதையும் சட்டென்று எடுக்க முடியாது. சாவியை எடுத்துப் பாருங்கள், புரியும். இதற்குத் தீர்வு என்று என்னிடம் எதுவும் இல்லை. நாளில் பாதி நேரம் வண்டி ஓட்டுபவர் என்றால் இந்த முறையே உங்களுக்கு வேண்டாம் என்பேன்.

ஹோல்ஸ்டர் இல்லாமல் பாக்கெட்டில் துப்பாக்கி வைப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். ட்ரிக்கர் முழுக்க மூடியிருக்க வேண்டும், இதில் சமரசமே கிடையாது. அதோடு ஹோல்ஸ்டர் துப்பாக்கியை ஒரே நிலையில் நிமிர்த்தி வைக்கிறது. இல்லாவிட்டால் மதியத்துக்குள் அது தலைகீழாகத் திரும்பியிருக்கும். நான் முதலில் வாங்கியது வழவழப்பான தோல். எடுத்தபோது ஹோல்ஸ்டரும் சேர்ந்தே வந்துவிட்டது! இப்போது இருப்பது வெளிப்புறம் சொரசொரப்பான ரப்பர் துணி. பாக்கெட்டின் உள்துணியைக் கவ்விக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் கூடாது. சாவி, சில்லறை, பேனா எதுவும். திரும்ப உள்ளே வைக்கும்போது, ஹோல்ஸ்டரை வெளியே எடுத்து, கண்ணால் பார்த்துத் துப்பாக்கியை அதற்குள் செருகிய பிறகே இரண்டையும் சேர்த்துப் பாக்கெட்டில் போடுகிறேன். பாக்கெட்டுக்குள் இருக்கும் ஹோல்ஸ்டரில் தடவித் தடவிச் செருகுவது தொடையில் சுட்டுக்கொள்ளும் வழி.

ரிவால்வரின் ட்ரிக்கர் நீளமானது, கனமானது. 5 கிலோவை ஒட்டிய விசையில் இழுக்க வேண்டும். சேஃப்டி பொத்தான் இல்லாத ஒன்று தொடைக்குப் பக்கத்தில் நாள் முழுக்க இருக்கும்போது அந்தக் கனம் எனக்கு நிம்மதி. ஆனால் அதே கனம்தான் குறியையும் கலைக்கும். அதனால் வாரம் மூன்று நாள், பத்து நிமிடம், சுடாமல் வெறுமனே ட்ரிக்கரை இழுத்துப் பழகுகிறேன். தோட்டா அடுத்த அறையில், சிலிண்டர் காலி என்று இரண்டு தடவை பார்த்து, வெடிக்காத டம்மி தோட்டா போட்டு. ஆறு மாதத்தில் இதில் கிடைத்த முன்னேற்றம் எனக்கு ரேஞ்சில் கிடைத்ததே இல்லை.

உதை? இதிலும் உண்டு, குறைவென்று சொல்லமாட்டேன். காரமான தோட்டாக்களில் உள்ளங்கை காந்தும். பயிற்சிக்கு நான் போடுவது 148 கிரெய்ன் எடைக் குண்டுள்ள வாட்கட்டர் என்ற தோட்டா; தட்டை மூக்கு, மெதுவான ஓட்டம், அடக்கமான உதை. ஐம்பது சுட்டாலும் கை வலிப்பதில்லை, அதனால் மாதம் ஒருமுறை தவறாமல் போகிறேன். இன்னும் இலேசான ரிவால்வர்களும் இருக்கின்றன. அவற்றில் உதையின் வேகத்துக்குச் சுடாத தோட்டாக்களின் குண்டு உறையிலிருந்து முன்னால் நகர்ந்து, சிலிண்டரைச் சுற்றவிடாமல் செய்துவிடலாம். எடையைக் குறைப்பதற்கும் ஒரு எல்லை வேண்டும்.

நடுவில் 9 மிமீ ஆசையும் வந்தது. 2018-இல் சிக் பி365 என்ற சின்ன 9 மிமீ பிஸ்டல் வந்த பிறகு, 500 கிராமை ஒட்டிய எடையில் 10+1 (மேகசினில் 10, சேம்பரில் 1) என்பது சாதாரணமாகிவிட்டது. அந்த வகையில் ஒன்றை வாங்கினேன். சுடுவதற்கு மூன்றிலும் இதுதான் சுகம், குறியும் நன்றாக விழுகிறது. பாக்கெட்டில்? அட்டையை வெட்டிப் பார்க்காமல் ஆசைப்பட்டு வாங்கியதற்குத் தண்டனை. என்னுடைய இரண்டே பேண்டில் போகிறது, இரண்டிலும் செங்கல் வைத்த மாதிரி தொங்குகிறது. ஜாக்கெட் போடும் நாட்களில் இடுப்பில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போதைய சின்ன .380 பிஸ்டல்கள் என் காலத்தைவிடத் தேவலை என்பதையும் சொல்ல வேண்டும். 2021-இல் வந்த ரூகர் எல்சிபி மேக்ஸ் 300 கிராமிலேயே 10+1 கொள்கிறது. குறிபார்க்கும் மேடுகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. இன்று புதிதாகத் தேடும் ஒருவர் அந்தப் பக்கம் போனால் தடுக்கமாட்டேன். ஒன்று மட்டும்: அத்தனை குட்டைப் பேரலில் .380-இன் வேகம் குறைவு. பட்டதும் விரிவதற்காக மூக்கில் குழி வைத்த குழிமூக்குக் குண்டு, கனத்த துணியைத் தாண்டும்போது விரியாமலே போகலாம், விரிந்தால் ஆழம் போதாமல் போகலாம். எந்தத் தோட்டாவைத் தேர்ந்தாலும் அது உங்கள் பிஸ்டலில் ஒரு பெட்டியாவது தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள். தினமும் அதே தோட்டாவைச் சேம்பரில் ஏற்றி இறக்கினால் குண்டு உறைக்குள் அழுந்தி, சுடும்போது உள்ளே அழுத்தம் கூடிவிடும் என்பதையும் நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். ரிவால்வரில் இந்தத் தலைவலி இல்லை.

பராமரிப்பு பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பஞ்சைத் தட்டிவிடுவேன், எண்ணெய் ஒரு துளி போதும். வெயில் காலத்தில் வியர்வை, திருகுகளில்தான் முதலில் துரு பிடிக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டிலிருந்து நேராகப் பூட்டுப் பெட்டிக்கு. பேண்டைக் கழற்றி நாற்காலியில் போடும் பழக்கம் உள்ளவர்கள் இதை மட்டும் ஒருநாள்கூட விடக் கூடாது. பேண்டைத் துவைக்க எடுப்பது குழந்தையாகவும் இருக்கலாம்.

முதல் இரண்டு மாதம் நான் கவனிக்காத இன்னொன்றைக் கவனித்தது மனைவி. நடக்கும்போது அடிக்கடி பாக்கெட்டைத் தொட்டுப் பார்க்கிறேனாம். "துப்பாக்கி வெளியே தெரியவில்லை, உங்கள் கைதான் காட்டிக்கொடுக்கிறது" என்றாள். இப்போது தொடுவதில்லை என்று நினைக்கிறேன். அவளும் ஒன்றும் சொல்வதில்லை.

முதல் .380 இன்னும் என்னிடம் இருக்கிறது. மெல்லிய துணிப் பேண்ட் போடும் நாட்களில் மட்டும் வெளியே வரும். மற்றபடி ரிவால்வர்தான். போன வாரம் இரண்டு புதுப் பேண்ட் எடுத்தேன். துணி கெட்டி, நிறமும் பரவாயில்லை, பாக்கெட் வாய் மட்டும் சிறிசு. இரண்டும் தையல்காரரிடம் இருக்கின்றன. வாயை ஒரு அங்குலம் அகலமாக்கி, உள்பையை இரட்டைத் துணியாகப் போடச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று கேட்டார். போன் பெரிசு என்றேன்.