விளம்பரத்தில் 4,35,000, மேசையில் 4,49,500: ஒரு பழைய கார் கடையின் ஆவணக் கட்டணம்

சென்னை ஆற்காடு சாலையை ஒட்டிய ஒரு பழைய கார் விற்பனை நிலையத்தில், 2025 ஆம் ஆண்டின் நடுவில், ஏழு ஆண்டு ஓடிய மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. நான் குறை சொல்லவிருக்கும் பழக்கம் அந்தச் சாலையில் நான் ஏறி இறங்கிய மற்ற மூன்று கடைகளிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இருந்தது. காரைப் பொறுத்தவரை எனக்குப் புகார் இல்லை. நான் அழைத்துச் சென்ற மெக்கானிக்கைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை, சர்வீஸ் வரலாற்றைக் கேட்டதும் காட்டினார்கள், முன் பம்பர் மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டது என்பதை நாங்கள் கண்டுபிடிப்பதற்கு முன் அவர்களே சொன்னார்கள்.

இணைய விளம்பரத்தில் விலை 4,35,000 ரூபாய். பேரம் பேசியும் குறையவில்லை. ‘ஃபிக்ஸட் பிரைஸ்’ என்றார்கள். பத்தாயிரம் ரூபாய் டோக்கன் அட்வான்ஸை ஜிபேயில் அனுப்பிய பிறகு, மேலாளர் கார்பன் தாள் வைத்த ஆர்டர் படிவத்தை எடுத்து, வாகன விலைக்குக் கீழே பால்பாயின்ட் பேனாவால் மூன்று வரிகள் எழுதினார்: பெயர் மாற்றம் 7,500, டாக்குமென்டேஷன் 4,000, இன்சூரன்ஸ் மாற்றம் 3,000. கூட்டல் கோடு போட்டு 4,49,500 என்று முடித்தவர், நான் வாய் திறப்பதற்குள், “எல்லாருக்கும் இதுதான் சார், ஸ்டாண்டர்ட் சார்ஜ்” என்றார். விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதல் நாள் தொலைபேசியில் விலை கேட்டபோதும் இல்லை.

முதல் வரியை எடுத்துக்கொள்வோம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, சொந்தப் பயன்பாட்டுக் கார் ஒன்றின் பதிவுக் கட்டணம் 600 ரூபாய். உரிமை மாற்றத்துக்கு அதில் பாதி, அதாவது 300 ரூபாய். ஸ்மார்ட் கார்டு வடிவிலான ஆர்.சி.க்கு இன்னொரு 200. இவற்றின் மேல் மாநிலம் வாங்கும் சேவைக் கட்டணம் சேரும். எனக்கு வந்த அரசு ரசீதின் மொத்தத் தொகை ஆயிரத்தைத் தொடவில்லை. மீதி ஆறாயிரத்துச் சொச்சம் அலைச்சலுக்கான கூலி. கூலி வாங்குவது தவறு என்று நான் சொல்லமாட்டேன். வாகனப் பதிவு வேலைகளுக்கான அரசு இணையதளமான பரிவாகனில் விண்ணப்பம் போட்டு, விற்றவரின் ஆதார் ஓடிபிக்காக அவரைத் துரத்தி, வேலைக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிற்பது எளிய வேலையல்ல. ஆனால் அதே ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில், மர நிழலில் பைக்கைச் சாய்த்து நின்ற ஏஜென்ட் ஒருவர் இந்த முழு வேலைக்கும் 2,500 ரூபாய் கேட்டார். அவரும் வாழ்க்கையை ஓட்டத்தான் கேட்டார்.

இந்த வேலை ஒழுங்காக நடப்பது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் எவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50 ஆவது பிரிவு, மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கார் பல கைகள் மாறிய பிறகும் பதிவேட்டில் பெயர் இருப்பவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும், பழைய உரிமையாளரிடம் உரிமை மாற்றத்துக்கான வெற்றுப் படிவம் 29 இலும் 30 இலும் கையெழுத்து வாங்கி இழுப்பறையில் வைத்துக்கொண்டு, ஆள் கிடைத்ததும் தேதி போட்டுக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் நெடுநாள் வழக்கம். இதைத் தடுக்கத்தான் 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வாகன வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும், வாகனம் தங்கள் கைக்கு வந்ததை இணையத்தில் தெரிவிக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்தச் சான்று படிவம் 29பி. அதைக் காட்டச் சொன்னபோது மேலாளர் சிரித்துக்கொண்டே, “ஹெட் ஆபீஸ்ல இருக்கு சார்” என்றார். சாமி படத்துக்கும் விருதுக் கேடயத்துக்கும் சுவரில் இடம் இருந்தது.

இன்சூரன்ஸ் மாற்றத்துக்கான 3,000 ரூபாய்தான் எனக்கு மிகவும் உறுத்தியது. பாலிசியைப் புதிய பெயருக்கு மாற்ற நிறுவனம் வாங்கும் கட்டணம் 50 ரூபாயும் அதன் மேல் வரியும். இதோடு, பழைய உரிமையாளர் பெற்றிருந்த நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான பிரீமியத் தள்ளுபடி, காரோடு வராது; அது ஆளுக்கு உரியது. ஆகவே மீதமுள்ள மாதங்களுக்கான தள்ளுபடித் தொகையை வாங்குபவர் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தத் தொகை இந்த 3,000 ரூபாயில் அடங்குமா என்று கேட்டேன். அடங்காது, அது தனி என்றார். அப்படியென்றால் 3,000 எதற்கு என்பதற்கு விடை வரவில்லை. நானே நிறுவனத்தின் கிளைக்குப் போய் ஒரு மணி நேரத்துக்குள் மாற்றிக்கொண்டேன்.

டாக்குமென்டேஷன் என்ற 4,000 ரூபாயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பிளாஸ்டிக் கோப்பும் சில ஜெராக்ஸ் பிரதிகளும் கிடைக்கும். ரசீது கேட்டபோது, “பில் வேணும்னா 18 பர்சன்ட் சேரும் சார், பழைய காருக்கே இப்ப ஜிஎஸ்டி வந்துருச்சு” என்று ஒரு விளக்கமும் கிடைத்தது. இது வாடிக்கையாளரைக் குழப்பும் அரை உண்மை. 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 18 சதவீத வரி, வியாபாரியின் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலான லாபத்தின் மீதுதான். காரின் முழு விலை மீது அல்ல. அவர் இந்தக் காரை 3,80,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், 55,000 ரூபாய்க்கு 9,900 ரூபாய் வரி. அதை அவர் தன் விலைக்குள்ளேயே கணக்கிட்டிருப்பார். ஆவணக் கட்டணத்துக்கு வரி உண்டு என்பது உண்மைதான், ஆனால் ரசீது கேட்டால்தான் வரி என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை.

தொகையைவிட, அது சொல்லப்பட்ட நேரம்தான் என் முக்கியப் புகார். டோக்கன் கொடுக்கும் முன்னால் இதே 14,500 ரூபாயைச் சொல்லியிருந்தால், அடுத்த கடையின் விலையோடு ஒப்பிட்டு, ஒருவேளை அப்போதும் இங்கேயே வாங்கியிருப்பேன். பணம் கைமாறிய பிறகு எழுந்து போக மனம் வராது என்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். கட்டாயக் கட்டணத்தை முதலில் மறைத்து, வாங்கும் முடிவுக்குப் பின் வெளிப்படுத்துவதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் ஏமாற்று உத்திகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கும் என் அத்தை மகன் இதைக் கேட்டு வியந்தான். அங்கே 2010 முதல், வியாபாரி விளம்பரப்படுத்தும் விலைக்குள் அவர் வாங்க நினைக்கும் நிர்வாகக் கட்டணம் உட்பட எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். விற்பனை வரியும் லைசென்ஸ் பலகைச் செலவும் மட்டுமே வெளியே நிற்கலாம். அங்கேயும் மீறுபவர்கள் உண்டாம், ஆனால் விளம்பரத்தை அச்செடுத்து நீட்டினால் பேச்சு அடங்கிவிடுமாம்.

நான் நீட்டியது கைபேசியில் எடுத்து வைத்திருந்த விளம்பரப் படத்தை. அரை மணி நேரப் பேச்சுக்குப் பின், நுகர்வோர் உதவி எண்ணான 1915 ஐ ஒரு முறை உச்சரித்த பின், டாக்குமென்டேஷன் கட்டணம் அடித்து நீக்கப்பட்டது, இன்சூரன்ஸ் கட்டணமும் போயிற்று, பெயர் மாற்றம் 4,500 ரூபாய்க்கு இறங்கி, ரசீதோடு வந்தது. அதன் பிறகு அவர்கள் வேலையைச் சரியாகவே செய்தார்கள். 38 ஆவது நாள் ஆர்.சி. அட்டை தபாலில் வந்தது, பெயரில் ஒரு எழுத்தும் பிழையில்லை. இடையில் நான் இரண்டு முறை கூப்பிட்டபோது, இரண்டு முறையும் எடுத்துப் பேசினார்கள்.

கார்களின் தரத்துக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன், கட்டணம் சொல்லும் முறைக்கு ஒன்றுதான். தம்பிக்குக் கார் பார்க்க அடுத்த மாதம் அதே கடைக்குத்தான் போகிறோம். இந்த முறை டோக்கன் அனுப்பும் முன்பு, சாவி கையில் வரும் வரையிலான மொத்தத் தொகையை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மேலாளர் இன்னும் அனுப்பவில்லை. பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேக்கையும் அவர்களே எடுத்துவிட வேண்டும் என்று சேர்த்து எழுதினேன். எனக்குக் காரைக் கொடுத்தபோது அது கண்ணாடியிலேயே இருந்தது, முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கில் இருந்து சுங்கச்சாவடிப் பணம் போகக் கூடாதே என்று அன்றிரவே வீட்டு வாசலில் நின்று சவர பிளேடால் சுரண்டி எடுத்தேன்.